பூட்டிக் கிடக்குற வீட்டுக்கு நெட் பில் வந்துகிட்டே இருந்தா என்ன பண்ணணும்?

போன ஆவணில ஒரு ஆச்சி சென்னையிலேர்ந்து வீட்டைத் தொறந்து கூட்டிப் பெருக்கிட்டுப் போக வந்தவுக, நேரா என் ஜெராக்ஸ் கடைக்கு வந்து பேங்க் பாஸ்புக்கை நீட்டி, "தம்பி, இது என்ன மாசாமாசம் 824 ரூபா போயிக்கிட்டே இருக்கு, என்னன்னு பாருங்க"ன்னு கேட்டாக. பாத்தா இன்டர்நெட் பில். தையில அவுக வீட்டு அறுபதாம் கல்யாணத்துக்கு வெளியூர்லேர்ந்து சொந்தபந்தம் எல்லாம் வருதேன்னு ஃபைபர் லைன் எடுத்திருக்காக, விசேஷம் முடிஞ்சு கிளம்புறப்ப லைன் போட்ட பையன்கிட்ட "இனிமே வேணாம் தம்பி, கட் பண்ணிருங்க"ன்னு சொல்லிட்டு, வாசக்கதவைப் பூட்டி சாவியைக் காவக்காரர்கிட்ட கொடுத்துட்டுப் போயிட்டாக. லைன் போட்ட பையனும் சரின்னு தலையை ஆட்டியிருக்காரு. ஆனா ஆட்டோ டெபிட் ஓடிக்கிட்டே இருந்திருக்கு. மாசி, பங்குனி, சித்திரை, வைகாசி, ஆனி, ஆடி, ஆவணி, ஏழு மாசம். 699 ரூபா பிளான், 18 சதவீதம் ஜிஎஸ்டி சேத்து 824 ரூபா 82 காசு, ஏழு தடவை போட்டா 5773 ரூபா 74 காசு. பூட்டிக்கிடந்த வீட்டுக்கு.

அதுல அஞ்சு மாசக் காசு திரும்ப வந்துச்சு, ரெண்டு மாசக் காசு போனது போனதுதான். ஏன் அஞ்சு மட்டும்ங்கிறதுல தான் விஷயம் இருக்கு. பங்குனி கடைசில ஆச்சியோட மகன் ஏதோ தோணி அந்தக் கம்பெனியோட வாட்ஸ்அப் நம்பருக்கு "வீடு பூட்டியாச்சு, இந்த லைன் வேண்டாம், நிறுத்திருங்க"ன்னு கஸ்டமர் ஐடியோட ஒரே ஒரு மெசேஜ் போட்டிருந்தாரு. பதில் வரல, அவரும் மறந்துட்டாரு. ஆனா அந்த மெசேஜ் தேதியோட, ரெண்டு நீல டிக்கோட ஃபோன்ல இருந்துச்சு. அந்தத் தேதிக்கு அப்பறம் எடுத்த காசை அவங்களால ஞாயம்னு சொல்ல முடியல. அதுக்கு முன்னாடி வாயால சொன்ன ரெண்டு மாசத்துக்கு நம்மகிட்ட ஒண்ணும் இல்ல, லைன் போட்ட பையனும் வேலையை விட்டுப் போயிட்டாரு.

இது செட்டிநாடு, கல்யாணத்துக்கே இசைகுடிமானம்னு ஒப்பந்தம் எழுதி கையெழுத்துப் போடுற ஊரு. பர்மாலயும் மலேயாவுலயும் கடை வச்சு, பேரேடு எழுதி, வருசம் முடிஞ்சா ஐந்தொகைன்னு வரவு செலவு, சொத்து கடன் கணக்கு எடுத்து அணா பைசா வரைக்கும் நேர் பண்ணினவங்களோட வீடுங்க. அந்த வீட்டு நெட் கனெக்‌ஷனை மட்டும் வாய்வார்த்தைல விட்டுடறோம், அதான் எனக்கு மனசு கேக்க மாட்டேங்குது. கடைக்கு வர்றவங்களுக்கு ஒவ்வொருத்தருக்கா சொல்றதை மொத்தமா இங்க எழுதிடறேன்.

முதல்ல பில்லை முழுசா எடுங்க. எஸ்எம்எஸ்ல வர்ற தொகையை மட்டும் பாத்துட்டு சண்டைக்குப் போகாதீங்க. கம்பெனி ஆப்லயோ வெப்சைட்லயோ போயி பிடிஎஃப் பில்லை டவுன்லோட் பண்ணி, முடிஞ்சா பிரின்ட் எடுத்து, பேனாவால வட்டம் போட்டுப் படிங்க. எந்தத் தேதிலேர்ந்து எந்தத் தேதி வரைக்கும் வாடகை, அது முன்கூட்டி வாங்குறதா இல்ல முடிஞ்ச மாசத்துக்கா, பழைய பாக்கின்னு ஏதாவது ஏறியிருக்கா, லேட் ஃபீ எவ்வளவு, ரவுட்டர் வாடகை தனியா இருக்கா, சினிமா ஆப் பேக்னு நம்ம கேக்காத ஒண்ணு சேத்திருக்கா, இதெல்லாம் தனித்தனி வரியா இருக்கும். பாதிப் பேரோட சண்டை இந்த இடத்துலயே தீந்துரும், ஏன்னா விளம்பரத்துல 499ன்னு இருக்கும், பில்லு 588 ரூபா 82 காசு வரும், அது ஜிஎஸ்டி, அதை யார்கிட்ட கேட்டும் குறைக்க முடியாது. முதல் மாசம் மட்டும் தொகை வித்தியாசமா இருந்தா பெரும்பாலும் மாசத்துல நடுவுல கனெக்‌ஷன் கொடுத்ததால நாள்கணக்குப் போட்டிருப்பாங்க. ஆறு மாசச் சலுகை முடிஞ்சு ஏழாவது மாசம் விலை ஏறியிருந்தா, எடுக்கும்போது வந்த எஸ்எம்எஸ், ஈமெயிலைத் தேடிப் பாருங்க, அதுல சொல்லியிருந்தா வாதம் பலவீனம், சொல்லலைன்னா அதுவே நம்ம ஆதாரம்.

ரெண்டாவது, எது பில்லிங் பிரச்சினை எது வேற பிரச்சினைன்னு பிரிச்சுக்கங்க. நம்ம ஊர்ல நிறைய பேரு "ஸ்பீடு வரல, அதனால பில் கட்ட மாட்டேன்"னு நிக்கிறாங்க. நம்ம வீடு எப்படின்னு யோசிங்க. ஒரு தெருவுல முகப்பு, பின்தெருவுல புழக்கடை, நடுவுல வளவுங்கிற முற்றம், அதுக்குப் பின்னாடி ரெண்டாங்கட்டுன்னு நீண்டுகிட்டே போகும், சுவரெல்லாம் ஒரு முழம் கனம். ரவுட்டரை முகப்புல ஆணியடிச்சு மாட்டிட்டு ரெண்டாங்கட்டுல உக்காந்து வீடியோ கால் பேசினா எந்தக் கம்பெனி லைனா இருந்தாலும் சுத்தத்தான் செய்யும். 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை வேகமா இருக்கும் ஆனா சுவரைத் தாண்டாது, 2.4 கொஞ்சம் தாண்டும். அதனால ஸ்பீடு புகார் பண்றதுக்கு முன்னாடி லேப்டாப்பை லேன் ஒயர்ல நேரா ரவுட்டர்ல சொருகி டெஸ்ட் எடுங்க, தேதி மணி தெரியிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் வைங்க. ஒயர்லயே குறைவுன்னா அது அவங்க தப்பு, வைஃபைல மட்டும் குறைவுன்னா வளவுல இன்னொரு ரவுட்டர் வைக்கிறதுதான் வழி. இன்னொண்ணு, 100 எம்பிபிஎஸ் பிளான்ல சினிமா டவுன்லோட் பண்ணா செகண்டுக்கு 12 மெகாபைட் சொச்சம்தான் காட்டும், அது பிட்டுக்கும் பைட்டுக்கும் உள்ள எட்டு மடங்கு வித்தியாசம், ஏமாத்து கிடையாது.

மூணாவது, லைனே இல்லாம கிடந்த நாளுக்கு. ரவுட்டர் பக்கத்துல இருக்குற பெட்டில எல்ஓஎஸ்னு ஒரு லைட் செவப்பா எரிஞ்சா ஃபைபர்ல வெளிச்சம் வரலன்னு அர்த்தம், எங்கயோ வெட்டியிருக்காங்க. செவப்பு எரிஞ்ச உடனே ஃபோட்டோ எடுங்க, அதே மணில ஆப்லயோ கஸ்டமர் கேர்லயோ புகார் போட்டு நம்பர் வாங்குங்க. லைன்மேனுக்கு ஃபோன் பண்ணி "அண்ணே வந்து பாருங்க"ன்னு சொல்றது நல்லதுதான், சீக்கிரம் வருவாரு, ஆனா கணக்குக்கு அது சேராது, புகார் பதிவான நேரத்துலேர்ந்துதான் நாள் ஓடும். மூணு நாளைக்கு மேல சரி பண்ணாம கிடந்தா வாடகைல கழிவு கொடுக்கணும்னு டிராய், அதாவது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தோட விதியே இருக்கு, நாள் கூடக்கூடக் கழிவும் கூடும். கேக்காம தானா வர்றது அபூர்வம். அடுத்த பில் வந்ததும் புகார் நம்பரைப் போட்டு "இத்தனாந் தேதிலேர்ந்து இத்தனாந் தேதி வரைக்கும் சேவை இல்ல, வாடகைக் கழிவு எங்கே"ன்னு ஒரு மெயில் போடுங்க.

இப்ப நம்ம ஊருக்கே உரிய பெரிய பிரச்சினை, பூட்டின வீடு. இதுல கொஞ்சம் நிதானமா சொல்றேன்.

லைன் எடுக்கும்போதே யோசிங்க. வருசத்துல ஒரு மாசம் ரெண்டு மாசம்தான், முன்னோருக்குப் படைக்கிற படைப்புக்கும் கோயில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் தான் வீட்டைத் தொறப்பீங்கன்னா போஸ்ட்பெய்டு எடுக்காதீங்க, ப்ரீபெய்டு எடுங்க. காசு தீந்தா லைன் நிக்கும், பாக்கி ஏறாது. மலிவா இருக்குன்னு வருசக்கட்டணம் மொத்தமா கட்டினா, நடுவுல நிறுத்தினா மிச்சக் காசு திரும்புமான்னு எழுத்துல கேட்டு வாங்கிட்டுக் கட்டுங்க, நிறையப் பிளான்ல திரும்பாது. கொஞ்ச நாளைக்கு மட்டும் லைனை நிறுத்தி வைக்கிற வசதி சில கம்பெனில இருக்கு, அது எத்தனை மாசம், அதுக்குக் கட்டணம் உண்டான்னும் கேட்டுக்கங்க.

லைன் யார் பேர்ல இருக்குங்கிறது அடுத்தது. ஒரே வீட்டுல அஞ்சு புள்ளி, ஆறு புள்ளி, அதாவது அஞ்சாறு குடும்பம் இருப்பாக, ஒருத்தர் பேர்ல எடுத்து எல்லாரும் பயன்படுத்துவாக, பில் யார் கட்டுறதுன்னு பங்காளிக்குள்ள பேசிக்குவாக. தகராறுன்னு வந்தா கம்பெனி யார் பேர்ல இருக்கோ அவர்கிட்ட மட்டும்தான் பேசும். அவர் சிங்கப்பூர்ல இருந்தா, "என் சார்பா இன்னார் பேசலாம்"னு அவர் ரெஜிஸ்டர் பண்ணின ஈமெயில்லேர்ந்தே ஒரு மெயில் போடச் சொல்லுங்க. நான் கண்ட இன்னொரு கஷ்டம், ஓடிபி எல்லாம் காவக்காரர் நம்பருக்குப் போற மாதிரி லைன் எடுத்திருப்பாக. அவர் வேலையை விட்டுட்டா நம்ம அக்கவுண்டுக்குள்ள நம்மளே போக முடியாது. வீட்டுக்காரர் நம்பரைக் கொடுத்துட்டு, காவக்காரர் நம்பரை ரெண்டாவது தொடர்பா மட்டும் கொடுங்க.

பழைய லேண்ட்லைன் காலத்துலேர்ந்து ஐயா பேர்லயே ஓடுற கனெக்‌ஷனும் நிறைய. ஐயா காலமாகி பத்து வருசம் ஆயிருக்கும், பில்லு மட்டும் அவர் பேருக்கு வந்துகிட்டு இருக்கும். இதை அப்படியே விட்டா நிறுத்தவும் முடியாது, டெபாசிட்டும் வாங்க முடியாது. இறப்புச் சான்றிதழ் காப்பி, வாரிசுச் சான்றிதழ் காப்பி, மத்த வாரிசுகளோட சம்மதக் கடிதம், கேக்குறவரோட ஆதார், இத்தனையும் வச்சுப் பேர் மாத்தவோ நிறுத்தவோ எழுதிக் கொடுங்க. வாரிசுச் சான்றிதழ் இல்லைன்னா இ-சேவை மையத்துல விண்ணப்பிச்சு தாசில்தார் ஆபீஸ்லேர்ந்து வாங்கலாம், கொஞ்சம் நாளாகும், அதனால விசேஷத்துக்கு ஊருக்கு வந்திருக்கும்போதே ஆரம்பிச்சுடுங்க.

இப்ப நிறுத்துறது. ஆட்டோ டெபிட்டை நிறுத்துறதும் லைனை நிறுத்துறதும் ஒண்ணு இல்ல, இதைத் தயவுசெஞ்சு மனசுல வைங்க. யுபிஐ ஆப்ல ஆட்டோபே லிஸ்ட்டுக்குள்ள போயி கேன்சல் பண்ணிட்டா காசு போறது நிக்கும், ஆனா அங்க லைன் உயிரோட இருக்கும், பில்லு ஏறிக்கிட்டே இருக்கும், ஆறு மாசம் கழிச்சு கலெக்‌ஷன் ஆளு ஃபோன் பண்ணுவாரு. முதல்ல லைனை நிறுத்தச் சொல்லி எழுதுங்க, ரெக்வெஸ்ட் நம்பர் வாங்குங்க, அப்பறம் ஆட்டோபேயை எடுங்க. பேங்க் கணக்குலேர்ந்து நேரா எடுக்குறதுன்னா நெட் பேங்கிங்லயோ கிளைக்குப் போயோ மேண்டேட்டை, அதாவது காசு எடுக்க நம்ம கொடுத்த அனுமதியை, ரத்து பண்ணலாம். கார்டுலயும் யுபிஐலயும் ஆட்டோ டெபிட்னா காசு எடுக்குறதுக்கு 24 மணி நேரம் முன்னாடி தகவல் வரணும்னு ரிசர்வ் வங்கி விதி இருக்கு, ஆச்சி மாதிரி நிறையப் பேரு அந்த எஸ்எம்எஸ்ஸைப் படிக்காமலே விட்டுடறாங்க.

எழுதுறது எப்படின்னு பயப்படாதீங்க, தமிழ்லயே எழுதலாம். நான் ஆளுங்களுக்கு டைப் பண்ணிக் கொடுக்குறது இவ்வளவுதான்:

"கஸ்டமர் ஐடி இது, பெயர் இது, இணைப்பு இருக்கும் வீட்டு முகவரி இது. இந்த இணைப்பை இன்ன தேதி முதல் நிரந்தரமாக நிறுத்தும்படி கேட்டுக்கொள்கிறேன். அந்தத் தேதிக்குப் பின் எந்தக் கட்டணமும் விதிக்க எனக்குச் சம்மதமில்லை. உங்களுக்குச் சொந்தமான ரவுட்டர் மற்றும் பெட்டியின் சீரியல் எண் இது. இதை இன்ன தேதிக்குள் வந்து பெற்றுக்கொண்டு ரசீது தரவும். என் டெபாசிட் தொகை இவ்வளவு, அதை இந்த வங்கிக் கணக்கில் திருப்பித் தரவும். இந்தக் கோரிக்கைக்கான பதிவு எண்ணை அனுப்பவும்."

இதைக் கம்பெனியோட கஸ்டமர் கேர் ஈமெயிலுக்கு அனுப்பி, அதே வாசகத்தை ஆப்லயும் போடுங்க. ஆப்ல போட்டா ஸ்கிரீன்ஷாட் கட்டாயம், ஏன்னா அக்கவுண்டை மூடினதும் ஆப்லேர்ந்து எல்லாம் மறைஞ்சுரும், அப்பறம் பழைய பில்லைக்கூட எடுக்க முடியாது. நிறுத்தச் சொல்றதுக்கு முன்னாடியே கடைசி ஒரு வருச பில்லையும் டேட்டா பயன்படுத்தின கணக்கையும் டவுன்லோட் பண்ணி வச்சுக்கங்க.

ரவுட்டர் திருப்பிக் கொடுக்குறதுல தான் நிறையப் பேரு ஏமாறுறாங்க. யாரோ ஒரு பையன் டூவீலர்ல வந்து "சார் டிவைஸ் எடுக்க வந்திருக்கேன்"னு சொல்லுவாரு, காவக்காரரும் கழட்டிக் கொடுத்துருவாரு, ரெண்டு மாசம் கழிச்சு "டிவைஸ் வரல, 1500 ரூபா கட்டுங்க"ன்னு மெசேஜ் வரும். பொருளைக் கொடுக்குறதுக்கு முன்னாடி திருப்பிப் போட்டு அடில ஒட்டியிருக்குற சீரியல் நம்பர் ஸ்டிக்கரை ஃபோட்டோ எடுங்க, அடாப்டரோட சேத்து எடுங்க, வாங்குறவர் கையெழுத்தும் தேதியும் ஒரு வெள்ளைப் பேப்பர்லயாவது வாங்குங்க. நேரா ஆபீஸ்ல கொண்டு போய்க் கொடுத்து சீல் வச்ச ரசீது வாங்கினா இன்னும் உத்தமம், காரைக்குடி வரைக்கும் போக வேண்டி இருந்தாலும் போங்க, ஒரு பஸ் டிக்கெட்டோட முடியும்.

லோக்கல் ஆபரேட்டர்கிட்ட கையில காசு கொடுக்குற பழக்கம் இன்னும் நம்ம கிராமங்கள்ல இருக்கு. தெரிஞ்ச தம்பி தான், நல்ல தம்பி தான், ஆனா அவர் கம்பெனிக்குக் கட்டினாரான்னு நமக்குத் தெரியாது. கொடுத்த அன்னைக்கே நம்ம நம்பருக்குக் கம்பெனிலேர்ந்து பணம் வந்ததா எஸ்எம்எஸ் வரணும், வரலைன்னா அன்னைக்கே கேளுங்க. யுபிஐல அனுப்பினாலும் அவரோட சொந்த நம்பருக்கு அனுப்புறதை விட ஆப் வழியா நேரா கம்பெனிக்குக் கட்டுங்க, மனஸ்தாபம் மிச்சம்.

சரி, எல்லாம் பண்ணியும் தப்பான பில் வந்துருச்சு, என்ன பண்றது. முதல் படி கம்பெனியோட புகார் மையம். ஃபோன்ல பேசினா கடைசில புகார் நம்பர், அவங்க டாக்கெட் நம்பர்னு சொல்வாங்க, அதை வாங்காம வைக்காதீங்க. "நோட் பண்ணிக்கிட்டேன் சார், பாக்குறோம்"னா அது புகார் இல்ல. நம்பர் எஸ்எம்எஸ்ல வர்ற வரைக்கும் லைன்ல இருங்க. அப்பறம் தேதி போட்டு ஒரு நோட்டுல எழுதுங்க, யார்கிட்ட பேசினோம், என்ன சொன்னாங்கன்னு. இதுக்குன்னு ஒரு நாப்பது பக்க நோட்டு போதும். பில்லிங் புகாருக்கு ஒரு மாசம் பொறுத்துப் பாருங்க, அதுக்கு மேல அவங்களுக்கு நேரம் கொடுக்கத் தேவையில்ல. இதுக்கு நடுவுல தகராறுல இல்லாத தொகையை மட்டும் கட்டிருங்க, அதாவது நியாயமா நம்ம பயன்படுத்தின மாசத்துக்கு உள்ளதை, கட்டினதை மெயில்லயும் சொல்லிருங்க. மொத்தமா கட்டாம நின்னா நம்ம பக்கம் ஞாயம் இருந்தாலும் "பில்லே கட்டலையே"ன்னு பேச்சு அங்க திரும்பிரும்.

ரெண்டாவது படி அப்பீல். இது இருக்குறதே நிறையப் பேருக்குத் தெரியல. 2012ல டிராய் கொண்டுவந்த குறைதீர் விதிகள்படி கம்பெனிக்குள்ளயே மேல்முறையீட்டு அதிகாரின்னு ஒருத்தர் இருக்கணும், அவரோட ஈமெயில், முகவரி எல்லாம் கம்பெனி வெப்சைட்ல போட்டிருக்கணும். புகார் மையம் சொன்ன பதில் பிடிக்கலைன்னாலோ, பதிலே வரலைன்னாலோ 30 நாளுக்குள்ள அவருக்கு எழுதலாம், கட்டணம் கிடையாது, அவர் 39 நாளுக்குள்ள முடிவு சொல்லணும். ஆச்சி கேஸ் இங்கதான் தீந்துச்சு. புகார் மையத்துல மூணு தடவை "லைன் ஆக்டிவா இருந்துச்சு, அதனால பில் சரி"ங்கிற ஒரே பதிலைத்தான் அனுப்பினாங்க. அப்பீல்ல நாங்க ரெண்டே ரெண்டு காகிதம் வச்சோம். ஒண்ணு மகன் போட்ட வாட்ஸ்அப் மெசேஜ், இன்னொண்ணு அவங்க ஆப்லேர்ந்தே எடுத்த டேட்டா கணக்கு, விசேஷம் முடிஞ்ச மறுநாள்லேர்ந்து எல்லா மாசமும் சைபர். சித்திரை முதல் ஆவணி வரைக்கும் அஞ்சு மாசக் காசு 4124 ரூபா 10 காசு கணக்குல வந்துச்சு. ஆச்சிக்குக் காசை விட, "நான் பொய் சொல்லலைன்னு ஒத்துக்கிட்டாகல்ல"ங்கிறதுதான் பெருசா இருந்துச்சு.

அங்கயும் ஆகலைன்னா வெளிய போகணும். நிறையப் பேரு நேரா டிராய்க்கு எழுதுறாங்க, டிராய் தனிப்பட்ட ஆளோட புகாரை எடுத்து விசாரிக்காது, கம்பெனிக்குத் திருப்பித்தான் அனுப்பும். அதை விட 1915க்கு ஃபோன் பண்ணுங்க, தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழ்ல பேசலாம், காலைல எட்டு மணிலேர்ந்து ராத்திரி எட்டு வரைக்கும் எடுப்பாங்க. அவங்களுக்குத் தீர்ப்புச் சொல்ற அதிகாரம் இல்ல, ஆனா கம்பெனிக்கு அனுப்பிப் பதில் கேக்குறாங்க, சின்னத் தொகைல நிறைய அதுலயே முடியுது. தொலைத்தொடர்புத் துறைக்கும் மத்திய அரசோட சிபிகிராம்ஸ்ங்கிற குறைதீர் போர்ட்டல் வழியா எழுதலாம், ஆனா கம்பெனிக்குள்ள ரெண்டு படியும் ஏறிட்டு, ரெண்டு நம்பரையும் போட்டு எழுதினா தான் மதிப்பு.

கடைசி படி மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஒரு காலத்துல டெலிஃபோன் தகராறுக்கு நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக முடியாதுன்னு 2009ல ஒரு தீர்ப்பு இருந்துச்சு, இன்னும் சில வக்கீல்களே அதைச் சொல்லி ஆளை அனுப்பிடறாங்க. 2022 பிப்ரவரில சுப்ரீம் கோர்ட்டு போகலாம்னு தெளிவாச் சொல்லிருச்சு, 2019 நுகர்வோர் சட்டத்துலயே சேவைங்கிற வரையறைக்குள்ள டெலிகாம் இருக்கு. அஞ்சு லட்ச ரூபா வரைக்கும் உள்ளதுக்குக் கட்டணம் இல்ல, வக்கீலும் கட்டாயம் இல்ல, ஆன்லைன்லயே போடலாம். பிரச்சினை ஆரம்பிச்ச தேதிலேர்ந்து ரெண்டு வருசத்துக்குள்ள போடணும். அதுக்கு முன்னாடி கம்பெனிக்கு "பதினஞ்சு நாளைக்குள்ள சரி பண்ணலைன்னா ஆணையத்துக்குப் போவேன்"னு ஒரு நோட்டீஸ் ஸ்பீட் போஸ்ட்ல அனுப்பி ரசீதை வச்சுக்கங்க, பாதிப் பேருக்கு அந்த நோட்டீஸ்லயே ஃபோன் வருது.

எந்த மாவட்டம்னு ஒரு குழப்பம் நம்ம பக்கம் உண்டு. செட்டிநாட்டு ஊருங்க ரெண்டு மாவட்டத்துல சிதறிக் கிடக்கு, காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர் எல்லாம் சிவகங்கை, ராயவரம், பொன்னமராவதி பக்கம் எல்லாம் புதுக்கோட்டை. வீடு இங்க, ஆள் சென்னையில. புதுச் சட்டத்துல புகார் பண்றவர் குடியிருக்குற இடத்துலயோ வேலை பாக்குற இடத்துலயோ போடலாம்னு வந்துருச்சு, அதனால சென்னையில இருக்குறவக சென்னையிலயே போடலாம், பிரச்சினை நடந்த வீடு இருக்குற மாவட்டத்துலயும் போடலாம். பங்காளி பேர்ல லைன் இருந்தாலும், அவர் சம்மதத்தோட பயன்படுத்துறவரும் நுகர்வோர் தான். ஆனா வீட்டை ஹோட்டலா, ஷூட்டிங்குக்கு வாடகைக்கு ஓட்டுறவக லைன்னா வணிக நோக்கம்னு எதிர்த்தரப்பு பிடிச்சுக்கும், அவுக ஒரு வக்கீலைப் பாத்துட்டுப் போறது நல்லது.

கலெக்‌ஷன் ஃபோன் பத்தி ஒரு வார்த்தை. "இன்னைக்குள்ள கட்டலைன்னா சிபில் போயிரும், போலீஸ் வரும்"னு மிரட்டுவாங்க, வயசான ஆளுங்க பயந்து கட்டிடறாங்க. நெட் பில் பாக்கிக்குப் போலீஸ் வராது, இது சிவில் விவகாரம். டெலிகாம் பாக்கி சிபில் மாதிரி கிரெடிட் ரிப்போர்ட்ல, அதாவது லோன் கேட்டா பேங்க் பாக்குற கணக்குல, ஏற வாய்ப்பு இருக்கு, அதனால அலட்சியமும் வேணாம், "இந்தத் தொகை தகராறுல இருக்கு, டாக்கெட் நம்பர் இது, எழுத்துல அனுப்புங்க"ன்னு சொல்லிட்டு வைங்க. ஏஜென்ட்டோட சொந்த யுபிஐக்கு ஒரு ரூபாகூட அனுப்பாதீங்க. அதே மாதிரி "பில் அப்டேட் ஆகல, ராத்திரி கனெக்‌ஷன் கட்"னு சொல்லி ஆப் இன்ஸ்டால் பண்ற ஒரு ஏபிகே ஃபைலை வாட்ஸ்அப்ல அனுப்பினா அது கம்பெனியே இல்ல, திருட்டுப் பய வேலை, தொடாதீங்க. தெரியாம தொட்டு காசு போயிருந்தா உடனே, அந்த நிமிசமே சைபர் மோசடி உதவி எண் 1930க்கு அடிங்க, எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு காசை மறிக்க வாய்ப்பு.

காசு திரும்பி வந்ததும் வேலை முடிஞ்சுதுன்னு விட்டுறாதீங்க. "இந்தக் கணக்குல பாக்கி எதுவும் இல்ல, இணைப்பு மூடப்பட்டது"ன்னு ஒரு மெயிலோ கடிதமோ கேட்டு வாங்குங்க. டெபாசிட் எப்படி இருந்தாலும் ரெண்டு மாசத்துக்குள்ள வந்து சேரணும், அதுவரைக்கும் பாஸ்புக்கைப் பாருங்க, வரலைன்னா திரும்ப அதே முதல் படிலேர்ந்து புகார் போடலாம். ஆச்சி வீட்டுக்கு அந்தக் கடிதத்தை நான் ரெண்டு பிரின்ட் எடுத்தேன், ஒண்ணு அவுக சென்னைக்கு எடுத்துட்டுப் போனாக, இன்னொண்ணை முகப்பு அலமாரில வீட்டு வரி ரசீதும் கரண்ட் அட்டையும் இருக்குற ஃபைல்லயே வச்சுப் பூட்டினாக.